ஆத்துமத்தை அரிக்கும் வீண் சஞ்சலம்



இராஜபாளையம் நூல் மில்லிலே இழை அறுவது நாள் முழுதும் நடக்கிற காரியம். தொழிலாளி ஒட்டிவிட்டு அடுத்த கதிருக்குப் போகிறார். நம் பிள்ளை 100-க்கு 96 வாங்கிவந்தாலோ, மீதி 4 எங்கே என்கிறோம்!

குறையே கூடாதென்னும் இந்தப் பிடிவாதம் பக்தியின் வேஷத்திலும் வரும். 1522-ல் மான்ரேசா ஊரிலே, பாவசங்கீர்த்தனம் முழுமையாய்ச் செய்தோமோ என்ற சந்தேகம் அர்ச். இஞ்ஞாசியாரை அரித்தது. சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார், ஆறுதலில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்தது. சர்வேசுரன் இரங்குமட்டும் உண்பதில்லையென்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். ஆன்ம குருவோ, சாப்பிடும் என்று கட்டளையிட்டார், கீழ்ப்படிந்தார். இரண்டு நாள் அமைதி, மறுபடியும் சஞ்சலம். பழைய பாவங்களை இனிக் கிளறுவதில்லையென்று தீர்மானித்த பிறகே விடுதலை. அர்ச்சியசிஷ்டவருக்கே இந்தப் பாடு!

பரமபிதாவைப்போல் உத்தமராயிருங்கள் என்று சேசுநாதர் சொன்னது, நல்லவன் கெட்டவன் இருவர்மேலும் பெய்யும் மழையைக் காட்டிய பிற்பாடு. அதே போதனையில் அர்ச். லூக்காஸ் இரக்கம் என்றே எழுதியிருக்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் இராஜபாளையமானாலும், உறக்கமின்றி, உண்ணாமல், தான் எதற்கும் உதவாதவனென்று முடங்கும் பிள்ளையை அதட்டாதேயுங்கள். வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசாங்க இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.