கருவியும் கருத்தும்

கொன்றவன் தீவினையாளன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவன் கைக்குக் கருவி செய்து கொடுத்தவன் நிலை யாது? கருவியே பெரும்பகுதி வேலையைச் செய்து முடிக்குமாயின், அதனைக் கையாண்டவன் பாவம் குறையுமா? பழமையான இவ்விரு வினாக்களையும் கூர்மையாக எழுப்பும் கருவி ஒன்று, நூற்றாண்டுக்கும் முன்னர் ஐரோப்பாவில் தோன்றியது. அதுவே அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி.

பழங்காலக் கைத்துப்பாக்கியை ஒருமுறை சுட்டபின், குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்தல் வேண்டும். பின்வந்த சுழல் துப்பாக்கி பல தோட்டாக்களைத் தாங்கியது. ஆயினும் அவற்றைச் சுழற்றும் உழைப்பு சுடுவோன் விரலையே சார்ந்திருந்தது. 1884-இல் பிரான்சு நாட்டுப் பால் வியேய் புகையிலா வெடிமருந்தை ஆக்கினார். பழைய கருமருந்தைப்போல் அது மிகுந்த கசடு படியச் செய்து நுண்ணுறுப்புகளை அடைக்கவில்லை. அக்காலத்திலேயே ஹைரம் மாக்சிம், துப்பாக்கியின் பின்னுதைப்பைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் இயந்திரத் துப்பாக்கியைச் செய்து காட்டினார். 1893-இல் ஹியூகோ போர்ச்சார்ட் இம்முறையைக் கைத்துப்பாக்கியில் அமைத்தார். பெர்லினில் அது செய்யப்பட்டது. கியார்க் லூகர் அதனைத் திருத்தியமைக்க, 1900-இல் சுவிட்சர்லாந்துப் படை அதனை ஏற்றது. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்த வேறொன்றை 1911-இல் அமெரிக்கப் படை ஏற்றது.

இவை இயங்கும் முறை சிந்தனைக்குரியது. குண்டு முன்னே பாய்கையில் அதே ஆற்றல் பின்னோக்கியும் உதைக்கிறது. அவ்வுதைப்பால் துப்பாக்கியின் மேற்பகுதி பின்னே நகர்ந்து, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, சுருள்வில்லை அழுத்துகிறது. வில் மீளுங்கால் அப்பகுதி முன்வந்து புதிய தோட்டாவைக் குழலில் செலுத்துகிறது. அனைத்தும் இமைப்பொழுதில் முடிகின்றன. ஒருமுறை சுட்ட ஆற்றலே மறுமுறை சுடுவதற்கான ஆயத்தத்தைச் செய்துவிடுகிறது.

எனினும் அடுத்த குண்டு தானே பாய்வதில்லை. ஒவ்வொரு முறை சுட்டபின்னும், விசைக்கும் சுடும் உறுப்புக்கும் இடையேயுள்ள தொடர்பை ஒரு சிறு உலோகத் துண்டு அறுத்துவிடுகிறது. விரலைத் தளர்த்தி மீண்டும் அழுத்தினாலன்றிக் கருவி சுடாது. இதனாலன்றோ அது முழுத் தானியங்கியாகாமல் 'அரை' என்னும் அடைமொழி பெற்றது! உழைப்பனைத்தையும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. தீர்மானத்தை மட்டும் மனிதனிடமே விட்டுவைத்தது.

ஆகவே இரண்டாம் வினாவுக்கு விடை தெளிவு. பாவத்தின் அளவு கையின் உழைப்பால் அமைவதன்று. மனத்தின் எண்ணத்தால் அமைவது. மருந்திட்டுக் கெட்டிக்கும் பொழுதில் சினம் தணிவதற்குச் சிறிது இடமிருந்தது. விரைவுக் கருவி அவ்விடத்தைப் பறித்ததேயன்றிப் பொறுப்பைப் பறிக்கவில்லை.

இனி முதல் வினா. 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரும் அவர் துணைவியும் பிரௌனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கி ஒன்றால் கொல்லப்பட்டனர். உலகப் பெரும்போர் மூண்டது. 1948 ஜனவரி 30 அன்று தில்லியில் அண்ணல் காந்தியடிகளை வீழ்த்தியது இத்தாலிய நாட்டு பெரெட்டா கைத்துப்பாக்கி. இரண்டிலும் இடப்பட்டது, பிரௌனிங்கின் படைப்பாக 1908-இல் வெளிவந்த ஒரே வகைக் குறுந்தோட்டா. அவரோ சமயப் பற்றுடையவர். மார்மன் சமயப் பரப்புரைக்கென ஈராண்டு ஊர் ஊராகச் சென்றவர். 1926-இல் மறைந்த அவருக்கு அண்ணலின்பால் பகை ஏது? ஆயினும் அவர் கைத்திறன் அங்கே சென்று சேர்ந்தது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை வந்து சேரும் வழிகளை ஆராய்கிறது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் அது எண்ணுகிறது. உயிரற்ற பொருள்களைச் சார்ந்த வழிகளுள் 'ஆக்குதல்' என்பதையே முதலில் வைக்கிறது. கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலை ஹிம்சாதானம் எனப் பெயரிட்டு, இல்லறத்தார் விலக்க வேண்டிய வீண்தீமைகளுள் ஒன்றாக நம் அறநூல்கள் வைத்தன. செய்தவனும் கொன்றவனும் ஒரே அளவில் வினைப்படுவர் என்பது இதன் பொருளன்று. எண்ணத்தின் கடுமைக்கேற்பப் பிணிப்பு வேறுபடும். ஆனால், "என் வேலை செய்வது மட்டுமே" என்று ஆக்கியோன் முற்றும் விலகிவிட இயலாது.

நம்மிடம் துப்பாக்கி இல்லை என்று நாம் அமைதி கொள்ளலாமோ? நம் நெஞ்சில் எழும் சினமும் அவ்வாறே இயங்குகிறது. ஒரு கடுஞ்சொல் வெளிப்பட்ட அதிர்விலேயே அடுத்த சொல் நாவில் வந்து அமர்ந்துவிடுகிறது. உதயமான கசாயம் புதிய வினைக்கு வித்திடுகிறது. உடன்பிறந்தார் இருவர் ஒரு சாண் நிலத்துக்காகப் பேச்சற்றுப் போவதும், மாமியும் மருமகளும் ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருப்பதும் இவ்வாறு விளைந்தவையே.

ஒவ்வொரு முறையும் தொடர்பை அறுக்கும் அச்சிறு துண்டைக் கொலைக் கருவி செய்தோரும் வைக்க மறக்கவில்லை. மனத்துக்கு அதனை நாமே அமைத்துக்கொள்ளல் வேண்டும். முதற்சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் இடையே ஒரு மூச்சளவு நிற்போமாயின், அதுவே மனக்காப்பின் தொடக்கமாகும். நாளும் பயில்வோமாக.