அமர்நீதி நாயனாரின் தராசும் சந்தைத் தருமமும்

சைவ மக்களின் வாழ்விலே ஆலயமும் சந்தையும் அருகருகே அமைந்தவை. காலையிலே சுவாமி தரிசனம் செய்து, திருநீறு அணிந்த நெற்றியோடு சந்தைக்குப் போகும் வழக்கம் யாழ்ப்பாணக் கிராமங்களில் இன்றும் உண்டு. சந்நிதானத்திலே கூப்பிய அதே கைகள் சந்தையிலே தராசு பிடிக்கின்றன, மரக்கறி தெரிகின்றன, காசு எண்ணுகின்றன. ஆகையினால் ஒருவருடைய பக்தி எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் அவரைச் சந்தையிலும் பார்த்தல் வேண்டும்.

இக்காலத்தில் கூரையிட்ட சந்தைக் கட்டிடங்களிலே தருமத்துக்காகப் பொருள் சேர்க்கும் நற்பணி பல ஊர்களிலும் நடைபெறுகின்றது. வாசலிலே ஒரு மேசை போடப்படும். பக்கத்திலே சாக்குகள் வைக்கப்படும். சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வருபவர்கள் ஒரு கிலோ அரிசியோ, பருப்போ, சீனியோ, சவர்க்காரமோ தம்மால் இயன்றதைக் கொடுப்பார்கள். வியாபாரிகள் பூசணிக்காய், கத்தரிக்காய், தேங்காய் என்பவற்றைக் கொடுப்பார்கள். சேர்ந்தவை வெள்ளத்தால் வீடு வாசல் இழந்தவர்களுக்கும், உழைப்பவரை இழந்த குடும்பங்களுக்கும், ஆலய அன்னதானத்துக்கும் போய்ச் சேரும்.

இது நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. உலையில் அரிசி இடுமுன்னர் ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு முட்டியில் இட்டுவைத்து, அதனைச் சைவப் பாடசாலைக்கும் மடத்துக்கும் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்தபொழுது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவர்களைக் காத்தார். பெரியபுராணத்தை வசனமாக எழுதி 1852ஆம் ஆண்டில் வெளியிட்டவரும் அவரே. அடியார் வரலாற்றை ஏட்டிலே எழுதிய கை, அடுப்பிலே கஞ்சி காய்ச்சுவதற்கும் முன்னின்றது.

அப்பெரியபுராணத்திலே சந்தைத் தருமத்துக்கு வழிகாட்டியாக விளங்குபவர் அமர்நீதி நாயனார். சோழநாட்டிலே பழையாறை என்னும் ஊரிலே வணிகர் குலத்தில் அவதரித்தவர். பொன், மணி, பட்டு, புடைவை முதலியவற்றை விற்று நேர்வழியிலே பொருளீட்டியவர். சிவனடியார்களுக்கு அமுதளித்துக் கோவணமும் உடையும் கொடுத்தல் அவருடைய நித்திய தொண்டு. திருநல்லூரிலே திருவிழாவுக்கு வரும் அடியார்கள் அமுதுசெய்வதற்காக மடமும் அமைத்திருந்தார்.

ஒருநாள் சிவபெருமான் ஒரு பிரமசாரி வடிவங்கொண்டு அம்மடத்துக்கு எழுந்தருளினார். கையில் இருந்த தண்டிலே இரண்டு கோவணங்கள் கட்டப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றை அவிழ்த்து, “இதனைக் காத்து வைத்து நான் கேட்கும்போது தருக” என்று நாயனாரிடம் ஒப்படைத்துவிட்டு நீராடச் சென்றார். நாயனார் அதனைத் தனியிடத்திலே பத்திரமாக வைத்தார். இறைவனோ அது மறையுமாறு செய்தார். திரும்பி வந்து கேட்டபோது கோவணம் இல்லை. நாயனார் நடுநடுங்கி, வேறு புதிய கோவணம் தருவதாக இரந்தார். பிரமசாரியோ கோபங்கொண்டு, கோவணம் கொடுப்பவர் என்று ஊரெங்கும் பெயர் பரப்பியது பிறருடைய கோவணத்தைக் கவர்வதற்குத்தானோ, இவ்வாணிகம் நன்றாயிருக்கிறது என்று ஏசினார். பின்பு தண்டிலே எஞ்சியிருந்த கோவணத்துக்கு நிறை ஒத்ததைத் தருமாறு பணித்தார்.

தராசு நாட்டப்பட்டது. ஒரு தட்டிலே அந்தச் சிறு கோவணம். மற்றத் தட்டிலே நாயனார் கோவணங்களையும், பட்டையும், பொன்னையும், மணியையும், தம் செல்வம் அனைத்தையும் ஏற்றினார். தட்டு நேர் நிற்கவில்லை. முடிவிலே தாமும் மனைவியாரும் புதல்வரும் தராசை வலம்வந்து, அடியார் தொண்டிலே தாங்கள் பிழை செய்யாதிருந்தால் இது நேர் நிற்பதாக என்று சொல்லி, திருவைந்தெழுத்தை ஓதி ஏறினர். தராசு நேர் நின்றது. அத்தராசே அவர்களைச் சிவலோகத்துக்கு ஏற்றிச்செல்லும் விமானமாயிற்று.

இவ்வரலாறு சந்தையிலே தருமம் செய்வோருக்கு உணர்த்துவது ஒன்று உண்டு. நாயனாரிடம் வந்த கோவணம் அவருடையதன்று, அடைக்கலப் பொருள். அதுபோலவே, ஏழைகளுக்கென்று மேசையில் வைக்கப்பட்ட அரிசி அந்தக் கணத்திலிருந்தே ஏழைக்குச் சொந்தமானது. கொடுத்தவரும், சேர்த்தவரும், பொதி கட்டுபவரும் அதன் காவலாளர் மாத்திரமே. இந்த எண்ணம் உள்ளத்தில் பதிந்துவிட்டால், தருமத்தில் நேரும் குற்றங்கள் பல தாமே நீங்கிவிடும்.

முதலாவது, கொடுக்கும் பொருளின் தரம். வண்டு விழுந்த அரிசி, திகதி முடிந்த பால்மா, விற்காமல் வாடிய கீரை என்பவற்றைத் தருமச் சாக்கிலே தள்ளிவிடுவது கொடையாகாது. பூசைக்குத் தேங்காய் தெரியும்போது தட்டிப் பார்த்து நல்லதாகத் தெரிபவர்கள், பசித்தவர் வீட்டுக்கும் அதே கவனத்தோடு தெரிதல் வேண்டும். நடமாடும் கோயிலாகிய அடியாருக்குக் கொடுப்பது இறைவனையே சென்றடையும் என்பது திருமூல நாயனார் திருமந்திரத்திலே உணர்த்திய உண்மை.

இரண்டாவது, பொருள் வந்த வழி. வடபகுதிச் சந்தைகளிலே கமக்காரர் கொண்டுவரும் நூறு கிலோ மரக்கறிக்குப் பத்துக் கிலோவைக் கழிவு என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் பற்றிக் கமக்காரர்கள் நெடுங்காலமாக மனம் நொந்து முறையிட்டு வந்திருக்கிறார்கள். விடியற்காலையிலே தோட்டத்தில் நின்று பனியில் நனைந்தவருடைய பத்துக் கிலோவைக் கழித்து, அதில் ஒரு கிலோவை வாசலிலே தருமமாக இட்டால், அந்த ஒரு கிலோ யாருடைய தருமம்? பிரமசாரி நாயனாரைப் பார்த்துக் கேட்ட கேள்வி இவ்விடத்திலே நினைக்கத்தக்கது. நாயனாரிடம் குற்றமில்லை, ஆகையால் தராசு அவருக்கு நேர் நின்றது. சந்தையிலே தருமம் வாசல் மேசையில் ஆரம்பிப்பதில்லை. உள்ளே தராசுத் தட்டிலே, சரியான படிக்கல்லிலே, கமக்காரருக்குக் கொடுக்கும் நியாயமான விலையிலே அது ஆரம்பிக்கின்றது.

மூன்றாவது, கொடுக்கும் முறை. கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியிலே திரும்பத் திரும்பச் சொல்வதும், வாங்குபவரை வரிசையில் நிறுத்திப் படம் பிடிப்பதும் இப்போது பரவியுள்ளன. கணக்குக் காட்டுதல் அவசியம். சேர்ந்தது எவ்வளவு, பகிர்ந்தது எவ்வளவு என்று சந்தையின் அறிவித்தற் பலகையிலே எழுதிப் போடலாம். அதற்கு வாங்கியவருடைய முகம் தேவையில்லை. பொதியோடு நிற்கும் தாயின் படத்தை அவளுடைய பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் பார்க்க நேர்ந்தால், அப்பிள்ளை உண்ணும் சோறு தொண்டையில் இறங்குமா? இருள் பட்டபின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் மேலானது.

கொடுப்பவரும் வாங்குபவரும் இரு வேறு சாதியாரல்லர் என்பதைக் காலம் பலமுறை காட்டியது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது, முதல்நாள் வரை பலருக்குச் சோறு போட்ட வீடுகள் ஒரு காலைப் பொழுதிலே வெறும் நிலமாயின. 2022 செப்ரெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்தில் 94.9 வீதத்தால் உயர்ந்தது. நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா வேண்டியிருந்தது. மாதச் சம்பளம் பெற்றவர்களும் அரைவயிற்றோடு படுத்த காலம் அது. இன்று சாக்கிலே இடும் கை நாளை ஏந்தவும் நேரலாம். அப்போது தனக்கு எப்படிக் கொடுக்கப்படவேண்டும் என்று ஒருவர் விரும்புவாரோ, அப்படியே இன்று கொடுத்தல் அறமாகும்.

கொடுக்க அதிகம் இல்லையே என்று எவரும் கூசவேண்டியதில்லை. பொன்னும் மணியும் ஏற்றியும் நேர் நில்லாத தராசு, தொண்டிலே பிழையாத அன்பினாலே நேர் நின்றது. கீரைப்பிடி விற்று வீடு திரும்பும் மூதாட்டி இடும் ஒரு சுண்டு அரிசியையும் எம்பெருமான் அந்தத் தராசிலேயே நிறுப்பார்.

இத்தகைய தூய தருமம் ஊர்தோறும் சந்தைதோறும் தழைப்பதாக. கமக்காரரும் வியாபாரிகளும் வாங்குவோரும் பசியின்றி, பகையின்றி, எம்பெருமான் திருவருளால் நீடு வாழ்வாராக.

சுபம்.