கருவியும் கடமையும்

கருவி நடுநிலையானது, அதனை ஏந்தும் கை எத்தகையதோ அத்தகையதே அதன் பயனும் என்று கூறுவாருளர். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆயின் கருவி வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு விலையுண்டு, விலை கொடுப்போன் ஒருவனுண்டு, கொடுக்க இயலாமல் ஒதுங்கி நிற்போன் மற்றொருவனுண்டு. எனவே, ஒரு கருவியைக் கற்பிக்கப் புகுவோர், அதனை இயக்கும் முறையைக் காட்டியதோடு தம் கடமை முடிந்ததென்று எண்ணுதல் தகாது. மொழியாசிரியர்களுக்குக் கணினியையும் இணையத்தையும் நிகழ்நிலை வகுப்புகளின் வாயிலாகப் பயிற்றும் முயற்சிகள் இன்று பல இடங்களிலும் நடைபெறுகின்றன. அவற்றை வரவேற்கும் நாம், புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை முன்னிறுத்தி, அம்முயற்சியின் அறம் யாது என்று சிந்தித்தல் வேண்டும்.

கற்பிட்டிக் குடாநாட்டின் முனையிலிருந்து களப்போரமாகப் புத்தளம், முந்தல், உடப்பு, சிலாபம் எனத் தெற்கு நோக்கிச் செல்லும் இக்கரை, மீனவரும் உப்பளத் தொழிலாளரும் தோட்டச் செய்கையாளரும் உழைத்து வாழும் நிலம். முஸ்லிம்களும் இந்துக்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் அயலவராய் வாழ்கின்றனர்; தமிழும் சிங்களமும் ஒரே சந்தையில் ஒலிக்கின்றன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பல்லாயிரவர் வந்து தஞ்சம் புகுந்ததும் இம்மண்ணிலேயே. உடைமையிழந்து வந்த அம்மக்களின் பிள்ளைகள் கிடுகுக் கொட்டில்களில் அமர்ந்து மீண்டும் எழுத்தைத் தொட்டனர். பாடசாலை என்பது கட்டடமன்று, ஆசிரியனும் மாணவனும் கூடுமிடமே பாடசாலை என்ற உண்மையை இக்கரை துன்பத்தின் வழியே கற்றுக்கொண்டது.

புதிய கருவியை மொழிக்குத் துணையாக்கும் மரபும் இங்கே புதியதன்று. 1807-இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1841-இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் இதழை வெளியிட்டார்; 1859-இல் தமிழ்ப் புலவர்தம் வரலாறுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். அச்சியந்திரம் பெரும்பாலும் மதப்பிரசாரத்துக்கும் அரசாங்கக் கருமங்களுக்கும் பயன்பட்ட காலத்தில், கரையோரத்து மனிதர் ஒருவர் அதனைத் தம் மொழியின் பணிக்குத் திருப்பினார் என்பது கருதத்தக்கது.

இனி, மொழியாசிரியன் ஏன் கணினியைக் கற்க வேண்டும்? காலத்துக்கு ஏற்ப நடக்க வேண்டும் என்பது மேம்போக்கான விடை. இக்கரையின் வரலாறு ஆழமானதொரு விடையைத் தருகின்றது. சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட ஊர்களில் தமிழைப் பேசிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, சென்ற நூற்றாண்டில் சில தலைமுறைகளுக்குள் சிங்களம் பேசுவனவாயின. பாடசாலையின் போதனாமொழி மாறியமை அதற்கான காரணங்களுள் முக்கியமானது. பாட்டி பேசிய மொழியைப் பேரன் அறியாத நிலை படையெடுப்பால் வரவில்லை. வகுப்பறையின் வழியாக அமைதியாக வந்தது. சிங்களத்தின்மீது நமக்குப் பகையில்லை. ஒரே கடலில் வலைவீசும் இரு மொழித் தொழிலாளரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்பது நன்று. ஆனால் ஒன்றைக் கற்பது வேறு. ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெறுவது வேறு.

இன்று பிள்ளையின் கையிலுள்ள தொலைபேசி இரண்டாவது பாடசாலையாகிவிட்டது. அப்பாடசாலையின் போதனாமொழியை யார் தீர்மானிக்கின்றனர்? நமது மொழியாசிரியர் பலர் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே வினாத்தாள்களைத் தயாரிக்கின்றனர். அவ்வெழுத்துருவில் கணினியின் நினைவில் பதிவது தமிழன்று, ஆங்கில எழுத்துகளே. தமிழ் வடிவம் மேலே போர்த்திய போர்வை மட்டுமே. எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அதனைத் திறந்தால் போர்வை நழுவிப் பொருளற்ற ஆங்கிலக் கோவை எஞ்சும். தேடினாற் கிடைக்காது; தொலைபேசியில் வாசிக்க முடியாது. 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே யுனிகோட் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கிவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்விடத்தில் நாம் முழுமையாகக் குடியேறவில்லை. கருவியில் தமிழ் இயங்காதெனக் காணும் பிள்ளை, தமிழ் சமயபாடத்துக்கும் பரீட்சைத் தாளுக்கும் மட்டுமே உரியது என்று முடிவு செய்யும். ஆகவே, ஆசிரியருக்கு இதனைக் கற்பியாது விடுதல் குற்றமற்ற நடுநிலைமை ஆகாது. அதுவும் ஒரு பக்கச் சார்பே.

கற்பிக்கத்தான் வேண்டும் என்று கொண்டாலும் எவ்வாறு என்ற கேள்வி எஞ்சுகின்றது. அறப்பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் உள்ளது. 2019-ஆம் ஆண்டளவில் இலங்கையின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலேயே கணினி இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி ஒரே நாளில் இணையத்துக்குள் நுழைந்தது. ஆசிரியர்கள் தம் பணத்தில் தொலைபேசி வாங்கினர். தம் பணத்தில் டேட்டா அட்டை வாங்கினர். வட்ஸ்அப் குழுக்களை அமைத்துப் பாடங்களைப் படம்பிடித்து அனுப்பினர். மலைப்புறக் கிராமங்களில் ஆசிரியரும் பிள்ளைகளும் அலைவரிசை தேடிப் பாறையுச்சிக்கு ஏறினர். ஒரே கைபேசியுள்ள மீனவக் குடும்பத்தில் தந்தை அதனோடு கடலுக்குப் போனால் மூன்று பிள்ளைகளின் பாடசாலையும் அவரோடு கடலுக்குப் போயிற்று.

இந்நிலையைக் கண்டு இருவகையினர் இருவகையாகப் பேசினர். எல்லார்க்கும் கிட்டும்வரை எவர்க்கும் வேண்டா என்றனர் ஒருசாரார். கிட்டியவர் முன்னேறட்டும்; மற்றையோர் பின்னர் வந்து சேர்வர் என்றனர் மறுசாரார். முன்னையது சமத்துவம்போலத் தோன்றும். ஆயினும் செல்வர் வீட்டுப் பிள்ளை தனியார் வகுப்பின் வழியே எப்படியும் கற்றுவிடும். கைவிடப்படுவது ஏழையின் பிள்ளையே. பின்னையது முன்னேற்றம்போலத் தோன்றும். ஆயினும் பின்னர் வந்து சேர்வர் என்ற வாக்குறுதிக்குத் தேதி குறிப்பிடப்படுவதில்லை. இரண்டும் ஒரே குறையுடையன. கருவி எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதை மழையும் வெயிலும்போல மாற்றவியலாததாக இரண்டுமே கொள்கின்றன.

2021 ஜூலை 12-ஆம் திகதி, ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகின. நெடுங்காலச் சம்பள முரண்பாடும் போராடியோர் கைது செய்யப்பட்டமையும் அதற்குக் காரணங்களாயின. ஒக்டோபர்வரை அப்போராட்டம் நீடித்தது. பிள்ளைகளின் கல்வியைப் பணயம் வைக்கலாமா என்று பலர் வினவினர். இது தட்டிக்கழிக்கத்தக்க கேள்வியன்று. இழந்த மாதங்கள் இழந்தனவே. அவற்றை அதிகம் இழந்தோரும் வறியோரே. எனினும் வேறொரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும். தொலைபேசியும் டேட்டாவும் ஆசிரியன் தன் சட்டைப்பையிலிருந்து வழங்கும் கொடையாக இருந்த காலத்தில், அக்கொடையை அவனுடைய கடமை என்று மாற்றி எழுதியது யார்? தியாகம் தானாக முன்வரும்போது உயர்ந்த பண்பு. அதனைப் பிறர் எதிர்பார்த்துக் கணக்கிலெழுதத் தொடங்கும்போது அது சுரண்டலாகின்றது. ஆசிரியரின் விலகலை ஒருவர் ஏற்கலாம், ஏற்காது விடலாம். ஆனால் இலவச உழைப்பின்மீது கட்டப்பட்டிருந்த கல்வியின் அத்திவாரம் அன்று வெளிப்பட்டது என்பதை எவரும் மறுத்தல் அரிது.

மற்றொரு முரண்பாட்டையும் இக்கரை நமக்குக் காட்டுகின்றது. கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011-இல் முதற்பகுதியும் 2014-இல் ஏனைய இரு பகுதிகளும் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையம் 900 மெகாவாற்று ஆற்றலுடையது. நாட்டின் மிகப்பெரிய அனல் மின்நிலையம் அதுவே. அதன் சாம்பலும் தூசியும் அயலிலுள்ள மீனவர், தோட்டக்காரர் ஆகியோரின் முறைப்பாட்டுக்கு இலக்காயின. அத்தகைய நிலையம் நிற்கும் மாவட்டமும் 2022 மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்ட நாடளாவிய மின்வெட்டுக்கு இலக்காயிற்று. அதே ஆண்டு ஜூனில் எரிபொருட் பஞ்சத்தால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மீண்டும் நிகழ்நிலைக் கல்வியே மாற்றுவழியாகச் சொல்லப்பட்டது. புகை ஒருவர்க்கு, வெளிச்சம் மற்றொருவர்க்கு என்ற பழைய பங்கீடே புதிய கல்வியிலும் தொடர்வதாயின் புதுமை எங்கே உள்ளது?

ஆதலின், ஆசிரியருக்கான நிகழ்நிலைப் பயிற்சியைத் திட்டமிடுவோர் மேற்கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு. வகுப்பின் கடைசி ஆசிரியரை அளவுகோலாகக் கொள்ளுதலே அது. பாதி உடைந்த திரையுள்ள தொலைபேசியோடு, அலைவரிசை வந்துபோகும் ஊரிலிருந்து, வீட்டு வேலை முடித்து இரவு பத்து மணிக்கு வந்து சேரும் ஆசிரியை ஒருத்தியை மனத்தில் இருத்துக. அவளுக்கு இரண்டு மணிநேர நேரலை வேண்டா. டேட்டா குறைவாகச் செலவாகும் ஒலிப்பதிவும் எழுத்துப் பாடமும் போதும். குறித்த நேரத்தில் வராமையைக் குற்றமாக எண்ணாத ஒழுங்கு வேண்டும். அருகிலுள்ள பாடசாலையில் நால்வர் கூடி ஒரு கணினியில் செய்யத்தக்க பயிற்சி வேண்டும். அவளுக்கு ஏற்றதாய் அமைந்த பாடம் வசதியுள்ளோர்க்கும் ஏற்றதாகும். வசதியுள்ளோர்க்கென அமைந்தது அவளைச் சென்றடையாது.

கற்பிக்கும் பொருளும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டதே. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது ஓராண்டில் பழசாகிவிடும். தமிழ் யுனிகோடில் எழுதுதல், தேடியதை ஐயுறுதல், தன் ஊரின் மொழியைத் தானே பதிவு செய்தல் ஆகியன நிலைத்து நிற்கும். உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் உள்ளன. உப்பளங்களிலும் மீன்வாடிகளிலும் அகராதியேறாத சொற்கள் உள்ளன. அவற்றை மாணவரோடு சென்று கேட்டு, ஒலியாகவும் எழுத்தாகவும் சேர்த்து வைக்கும் ஆசிரியை, கருவியின் வாடிக்கையாளர் என்ற நிலையிலிருந்து அதன் எசமானியாக உயர்கின்றாள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தந்துவரும் நூலகம் போன்ற முயற்சிகள், பெரும் முதலீடின்றியும் கூட்டுழைப்பால் எதனைச் சாதிக்கலாம் என்பதற்குச் சான்று.

கற்பிப்போனுக்குக் கற்பிப்பவன் யார் என்ற பிரச்சினையை மார்க்ஸ் 1845-இலேயே எழுப்பினார். அதன் உட்பொருள், சமுதாயத்துக்கு மேலே நின்று அறிவு வழங்கும் தனிக்கூட்டம் எதுவும் இல்லை என்பதே. தொலைவிலிருந்து பயிற்றுவோருக்கும் இது பொருந்தும். கரையோர ஆசிரியரிடமிருந்து அவர்தம் நிலைமையைக் கற்றுக்கொள்ளாத பயிற்றுநர், அவருக்குக் கற்பிக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.

இவையெல்லாம் பயிற்றுவோரின் கடமைகள். அவற்றைச் சொல்லி அரசின் கடமையை மறைத்துவிடலாகாது. 1945-இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி இந்நாட்டில் உரிமையாயிற்று. வகுப்பறையின் வாயில் கட்டணமின்றித் திறக்க வேண்டும் என்பதே அவ்வுரிமையின் சாரம். இன்று அவ்வாயில் இணையத்திலும் உள்ளதாயின், அங்கே நிற்கும் கட்டண வாயிற்காவலனை அகற்றுதல் அரசின் பொறுப்பு. ஆசிரியனுக்குக் கருவியும் இணைப்பும் வழங்குவது சலுகையாகாது. கரும்பலகையும் வெண்கட்டியும் எந்த உரிமையால் வழங்கப்பட்டனவோ அதே உரிமையால் இவையும் வழங்கப்பட வேண்டும்.

அதுவரை வகுப்புகளை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. நடத்துவோம், நடத்திக்கொண்டே கேட்போம். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணுவதோடு நில்லாது, வராதவர் யார், எதனால் வரவில்லை என்பதையும் எழுதி வைப்போம். வராதோரின் அப்பட்டியலே நாளைய கோரிக்கைப் பத்திரமாகும்.