பன்றிக்கு ஒரு பெட்டி

ஹூஸ்டனுக்கு வடமேற்கே ஒரு வீட்டின் கார் கொட்டகை. அங்கே ஒரு மர மேசை. மேசை மேல் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். ஒன்றில் கறுப்பு மையில் 'மான்' என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் 'பன்றி'. 2022 கடைசியில் நான் நான்கு மாதம் வேலைப் பயிற்சிக்காக அங்கே இருந்தேன். பெரும்பாலான சனிக்கிழமை மாலைகளில் அந்த மேசை முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டு பெட்டிகளை இன்னும் மறக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியதுதான்.

வீட்டுக்காரர் எங்கள் பயிற்சிக்கூடத்தில் மூத்த டெக்னீஷியன். அப்பா வயது இருக்கும். வால்வுகளைப் பிரித்துச் சேர்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். வேட்டைக்காரர். கடையில் தோட்டா வாங்க மாட்டார், சொந்தமாகச் செய்வார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புது பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டை உட்கார வைப்பார். மருந்தை நிறுக்கும் அளவுக்குக் கிரெயின் என்று பெயர். ஒரு கிரெயின் கிட்டத்தட்ட 0.065 கிராம். அவர் அதிலும் பத்தில் ஒரு பங்கு பார்த்துப் பார்த்துக் கொட்டுவார்.

நம் நாட்டில் இதை நினைத்தே பார்க்க முடியாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைக் கேட்டாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே அது பொழுதுபோக்கு, தச்சு வேலை மாதிரி. முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றுதான் பார்த்தேன். இரண்டாவது வாரம் வெர்னியர் காலிப்பர் என் கையில் இருந்தது. நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளன். அளக்கச் சொன்னால் அளந்துவிடுவேன்.

மானுக்கு அவர் வைக்கும் குண்டு முழுக்கச் செம்பு. முன்பு எல்லாரையும் போல உள்ளே ஈயம், மேலே செம்புத் தோல் உள்ள குண்டைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "என் மக சாப்பிடுற கறி" என்றார், அவ்வளவுதான்.

பிறகு நானாகத் தேடிப் படித்தேன். ஈயம் மிருதுவானது. வேகமாகப் போய் உடம்பில் பட்டதும் சிதறும். எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி நட்சத்திரத் தூள் போலத் துணுக்குகள் தெரியும். பல துணுக்குகள் கண்ணுக்கும் தெரியாது, பல்லிலும் படாது. 2008இல் வடக்கு டகோட்டாவில் ஒரு டாக்டர், ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு வேட்டைக்காரர்கள் தானம் கொடுத்த மான் கறியைச் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பொட்டலங்களில் உலோகத் துணுக்குகள் இருந்தன. அந்தக் கறியைக் கொடுக்க வேண்டாம் என்று மாநில அதிகாரிகள் உணவு வங்கிகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதுதான் இன்றைய மருத்துவ நிலை.

மனிதர்கள் மட்டும் இல்லை. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுப் போகும் குடலைத் தின்னும் கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கின. 1987இல் காட்டில் மிஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வளர்த்துத்தான் அந்த இனத்தைக் காப்பாற்றினார்கள். திரும்பக் காட்டில் விட்ட பறவைகளையும் அதிகமாகக் கொன்றது ஈயம்தான். கலிபோர்னியா 2013இல் சட்டம் போட்டு, 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முழுக்கத் தடை செய்தது. அரிசோனா அப்படிச் செய்யவில்லை. காண்டோர் வாழும் பகுதியில் வேட்டையாடுபவர்களுக்கு 2005 முதல் ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்துக் கேட்டுக்கொண்டது. பெரும்பாலானவர்கள் ஒத்துழைத்தார்கள். டெக்சஸில் மான் வேட்டைக்கு அப்படித் தடை எதுவும் இல்லை. ஆக, என் டெக்னீஷியன் செம்புக்கு மாறியது யாரும் கட்டாயப்படுத்தி அல்ல. அது எனக்குப் பிடித்திருந்தது.

செம்பு சும்மா மாற்றிப் போடும் சாமான் இல்லை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்புக்கு 8.96. அதே எடையில் செம்புக் குண்டு செய்தால் நீளம் கூடும். நீளமான குண்டைத் தள்ளாடாமல் பறக்க வைக்கக் குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள் அதை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும். ரைபிளை மாற்ற முடியாது, அதனால் குண்டின் எடையைக் குறைக்கிறார்கள். 165 கிரெயின் ஈயம் பிடிக்கும் இடத்தில் ஏறத்தாழ 130 கிரெயின் செம்பு. எடை குறைந்தால் வேகம் கூடும், தோளில் உதையும் குறையும். செம்பு சிதறாது. முனை மட்டும் பூ மாதிரி நான்கைந்து இதழாக விரியும், மற்றபடி முழுசாக இருக்கும். ஆனால் விரிவதற்கு வேகம் வேண்டும். தூரம் போகப் போக வேகம் குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனால் விரியாமல் பென்சில் மாதிரி ஊடுருவிப் போய்விடும். மிருகம் அடிபட்டு ஓடும், உடனே சாகாது.

அதனால் அவருக்கு ஒரு தூரம் உண்டு. அதைத் தாண்டி எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் சுட மாட்டார். "ஒரே வெடி. அது நிக்கிற இடத்துலயே படுக்கணும். அது என்கிட்ட கேக்குறது அவ்வளவுதான்" என்பார். ஒரு கொலையாளி தன் இரைக்குக் கொடுக்கும் மரியாதை அந்த வாக்கியத்தில் இருந்தது. அந்த மேசையைச் சுற்றி இருந்த காலிப்பர், தராசு, குறிப்பேடு எல்லாம் அந்த மரியாதைக்கான கருவிகள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை. அவர் செய்து முடித்த தோட்டாக்களை நான் அளந்து பிரித்துக்கொண்டிருந்தேன். நீளம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கூடிப்போனவை, முனை லேசாக நசுங்கியவை. வெடிப்பதில் ஆபத்து இல்லை, குறி மட்டும் கொஞ்சம் விலகலாம். "இதையெல்லாம் எங்க போடுறது?" என்று கேட்டேன்.

"பன்னிப் பெட்டில போடு."

போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தப் பெட்டியில் ஏற்கெனவே பழைய ஈயத் தோட்டாக்களும் கிடந்தன. தீர்க்க வேண்டிய சரக்கு.

இரண்டு வாரம் கழித்து அவர் நண்பரின் பண்ணைக்குப் போனோம். சோளக்காட்டு ஓரம், இரவு. நான் சுடவில்லை, வெப்பத்தைக் காட்டும் தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பன்றிக் கூட்டம் வந்தது. அவர் சுட்டார். பெரிய பெட்டை ஒன்று கத்திக்கொண்டு முள்புதருக்குள் ஓடியது. டார்ச்சை அடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தேடினோம். இரத்தம் கொஞ்ச தூரம் இருந்தது, அப்புறம் இல்லை. புதருக்குள் எங்கேயோ சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. "விடு, காலைல கழுகு கண்டுபிடிக்கும்" என்றார். மானாக இருந்திருந்தால் விடிய விடியத் தேடியிருப்பார். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தத் தோட்டா நான் ஒதுக்கிப் போட்டதா? சொல்ல முடியாது. பன்றி அந்த நொடியில் நகர்ந்திருக்கலாம். இருட்டு. ஆயிரத்தில் சில பங்கு பிசகுக்கு அந்தத் தூரத்தில் பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்று என் பொறியியல் மூளை கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது அந்தத் தோட்டா இல்லை. 'பன்னிப் பெட்டில போடு' என்றபோது என் கை தயங்காமல் போனதே, அது.

அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அது லேசான நியாயம் இல்லை. டெக்சஸில் இருபது லட்சத்துக்கும் மேல் பன்றிகள் இருக்கலாம் என்கிறார்கள். ஸ்பானியர்கள் கொண்டுவந்த பன்றிகளின் வாரிசுகள், பிறகு வேட்டைக்காக இறக்குமதி செய்த காட்டுப்பன்றிகளோடு கலந்தவை. அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதவை. ஒரே இரவில் ஒரு விவசாயியின் வருஷ உழைப்பைக் கிளறிவிடும். மானுக்குப் பருவம் உண்டு, எண்ணிக்கை வரம்பு உண்டு, லைசென்ஸ் உண்டு. பன்றிக்கு எதுவும் இல்லை. 2011 சட்டப்படி ஹெலிகாப்டரில் இருந்துகூடச் சுடலாம். 2019 முதல் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை லைசென்ஸே தேவையில்லை. கொல்லத்தான் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. என் மாமா தோட்டத்தில் செம்பனைக் கன்றுகளைப் பன்றி பிடுங்கிப் போட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். விலங்கியல்படி அதுவும் இதுவும் ஒரே இனம். இங்கே அது மண்ணின் பிள்ளை, அங்கே அது வந்தேறி.

ஆனால் ஏன் கொல்கிறோம் என்பது ஒரு கேள்வி, எப்படிக் கொல்கிறோம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு எண்ணிக்கை பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு எண்ணிக்கையால் பதில் சொல்ல முடியாது. இருபது லட்சம் பன்றிகள் இருப்பதால் ஒரு பன்றியின் வலி இருபது லட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதில்லை. புதருக்குள் கிடந்த அந்தப் பெட்டைக்கு வலி முழுசாகத்தான் இருந்திருக்கும். பெந்தம் முன்வைத்த அளவுகோல் அதுதான், வலிக்குமா என்று மட்டும் பார். விலங்கிடம் நமக்கு நேரடிக் கடமை எதுவும் இல்லை என்று சொன்ன காண்ட்கூட, விலங்கிடம் கொடுமை பழகிய கை மனிதனிடமும் அப்படித்தான் நீளும் என்று எச்சரித்தார். இந்த விஷயத்தில் எனக்குக் காண்ட்தான் அதிகம் உறைத்தார். பன்றிக்கு என்ன ஆனது என்பதோடு, என் கைக்கு என்ன ஆனது என்றும் கேட்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. செம்பின் சுத்தம், தின்னப்படும் மானுக்காக வந்தது அல்ல, தின்னும் மகளுக்காக வந்தது. பன்றிக் கறியை அவர்கள் எடுக்கவில்லை, வயலிலேயே விட்டார்கள். அதனால் அதற்கு ஈயம் போதும். ஆனால் காலையில் கண்டுபிடிக்கும் என்றாரே, அந்தக் கழுகுக்கு? அக்கறை நம் சாப்பாட்டு மேசையோடு முடிந்துவிட்டது. ஈயம் முடியவில்லை.

அப்பா படித்த தோட்டப் பள்ளிக்குப் பட்டணத்துப் பள்ளியில் கழித்துவிட்ட மேசைகள் வருமாம். கால் ஆடும், மை கொட்டியிருக்கும். கொண்டுவந்து இறக்கியவர் நல்லவர்தான், திட்டக்கூட இல்லை. "தோட்டத்துப் புள்ளைங்களுக்கு இது போதும்லா" என்றாராம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அப்பாவையும் பன்றியையும் நான் ஒப்பிடவில்லை. அந்த 'போதும்' என்ற சொல்லைத்தான் ஒப்பிடுகிறேன். அதில் வெறுப்பு இருக்காது, கோபம் இருக்காது. வெறும் பெட்டி பிரிக்கும் வேலை. அதைச் சொல்கிறவனுக்குத் தான் ஏதோ செய்துவிட்டதாகவே தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தார். நான் அந்த இரண்டுக்கும் வெளியே நிற்பவன், கோழி சாப்பிடுகிறவன். என்னால் அவரைத் துணைக்கு அழைக்க முடியாது. ஆனால் நம்மிடம் ஒரு வேடனும் இருக்கிறான். கண்ணப்பன் காளத்தியில் பன்றியைக் கொன்று, நெருப்பில் வாட்டி, ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டுப் பார்த்து, நல்லதை மட்டும் சிவனுக்கு எடுத்து வைத்தான். சின்ன வயசில் அது எச்சில் கதையாகத் தெரிந்தது. இப்போது பார்த்தால் அது ஒரு தரப்பரிசோதனை. சாமிக்கு நல்லதைத் தேர்ந்தெடுப்பது பக்தி. ஆனால் தேர்ந்தெடுத்தால் மிச்சம் என்று ஒன்று வரும். அந்த மிச்சம் யாருக்குப் போகிறது என்பதில்தான் அறம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மானுக்கு ஆகாதது பன்றிக்கு மட்டும் எப்படி ஆகும் என்று. வெளியூர்ப் பையன், விருந்தாளி, எனக்கு எதற்கு இந்த வேலை என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். பிறகு குண்டைப் பிடுங்கும் சுத்தியலை எடுத்து என் முன்னால் வைத்தார். "உனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்தா நீயே பிரி." தோட்டாவை அதற்குள் மாட்டிக் கெட்டியான தரையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் தனியாக வரும். பதினொன்றைப் பிரித்தேன். கை வலித்தது. பழைய ஈயத் தோட்டாக்களை அவர் தொட விடவில்லை. "அது காசு" என்றார். அவர் மனம் மாறிவிட்டார் என்றெல்லாம் எழுத முடியாது.

இப்போது ஜொகூரில் என் தொழிற்சாலையில் அளவு பிசகிய உதிரிபாகத்துக்கு ஒரு பாரம் உண்டு. மூன்று கட்டம்: திருத்து, அழி, அப்படியே பயன்படுத்து. மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைப்பது என் வேலை. பல நேரம் அது சரியான முடிவாகவும் இருக்கும். முன்பெல்லாம் பாரத்தின் மேல் பகுதியில் யாருக்குப் போகிற சாமான் என்று பார்த்துவிட்டுத்தான் கீழே அளவைப் பார்ப்பேன். பெரிய நிறுவனமா, பெயர் தெரியாத சின்னக் கடையா என்று. இப்போது வாடிக்கையாளர் பெயரை இடது கையால் மறைத்துக்கொண்டு முதலில் அளவைப் படிக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டு என்ன விளையாட்டு என்று கேட்டார். பழக்கம் என்று சொன்னேன். இன்னும் பழக்கமாகவில்லை. சில நாள் கையை எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.