கைமாற்றும் வரிக்கணக்கும்

கொடுத்த கடன் திரும்பாதபோது, அந்த நட்டத்தில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டுமா? வெறும் கணக்கு வினாவாகத் தோன்றும் இது, உண்மையில் ஓர் அறவியல் வினாவாகும். மனிதனுக்கு மனிதன் செய்யும் உதவியைச் சமுதாயம் எவ்வாறு மதிக்கின்றது என்பதை இதற்கான விடை காட்டிவிடும். முதலாளித்துவத்தின் தலைமை நாடாகிய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வருமானவரிச் சட்டத்தை எடுத்து நோக்குவோம்.

அங்கே வங்கியின் கடன் அறவிட முடியாது போனால் அது தொழில் நட்டம். முழுத்தொகையையும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஒரு பகுதி மட்டும் கெட்டுப்போனாலும் அப்பகுதிக்குக் கழிவுண்டு. ஆசிரியர் ஒருவர் நண்பருக்குக் கொடுத்த கைமாற்றோ தொழில்சாராக் கடன். அது முற்றாகக் கெட்டுப்போகும் வரை கழிவில்லை. கெட்ட பின்னரும் அது குறுங்கால மூலதன நட்டமாகவே கொள்ளப்படும். இவ்வேறுபாடு இயற்கையன்று, 1942இல் சட்டமியற்றியோர் வகுத்தது.

மூலதன நட்டத்தை, பங்கு, நிலம் முதலியவற்றை விற்றுப் பெற்ற இலாபத்திலிருந்து எல்லையின்றிக் கழிக்கலாம். சம்பளத்திலிருந்தோ ஆண்டுக்கு 3,000 டொலர் வரையே கழிக்கலாம். 1978இல் நடைமுறைக்கு வந்த இவ்வெல்லை, விலைவாசி நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்த பின்னும் அசையவில்லை. எனவே 15,000 டொலரை இழந்த பங்குடைமையாளர், அவ்வளவு இலாபமும் பெற்றிருப்பாராயின், ஒரே ஆண்டில் முழுவதையும் கழித்துக்கொள்கிறார். சம்பளத்தையே நம்பிய ஆசிரியருக்கு ஐந்தாண்டுகள் செல்லும். நட்டம் ஒன்று, நீதி இரண்டு!

இதனினும் ஆழமான முரண்பாடொன்று உண்டு. கொடுத்தது கடனே, கொடையன்று என்பதைக் கொடுத்தவரே நிறுவவேண்டும். எழுத்து எங்கே, தவணை எங்கே, திருப்பிப் பெற எடுத்த முயற்சி எங்கே என்று சட்டம் கேட்கின்றது. வேலையிழந்த நண்பரை நெருக்க மனமின்றி விட்டவரின் கடன் கொடையாகக் கருதப்படலாம். தனிமனிதருக்கு அளித்த கொடைக்குக் கழிவேது? இரக்கம் காட்டியவர் இழக்கிறார். கழுத்தைப் பிடித்தவர் கழிவு பெறுகிறார்.

சட்டத்தின் ஐயம் ஆதாரமற்றதென்று நாம் கூறவில்லை. உறவினருக்கு வழங்கிய கொடையைக் கடனென்று காட்டி வரியைக் குறைக்க முயல்வோர் உளர். பொதுப்பணத்தைக் காப்பது அரசின் கடமை. சான்று கேட்பதும் முறையே. ஆனால் சான்று நிறைந்த பின்னும் வங்கிக்கொரு கோல், உழைப்பவருக்கொரு கோல் என்பதற்கு நியாயம் யாது? வஞ்சகத்தைத் தடுக்கச் சான்று போதும். அதற்கு மேலும் இடப்படும் எல்லை, நேர்மையாளரையே தண்டிக்கின்றது.

இலாபத்துக்காகக் கொடுத்த கடனை மதிக்கத் தெரிந்த சட்டம், நட்புக்காகக் கொடுத்த கடனையும் அதே கோலால் அளக்கட்டும். நாம் கேட்பது சலுகையன்று, சமநீதி.