சிங்கத்துக்குக் கொடுத்த மரியாதை

ஊழியப் பயணத்தின் கடைசியில் சஃபாரி வேண்டுமா என்ற கேள்வி, திட்டம் போடும் நாளிலேயே சபையில் எழுந்துவிடும். ஏழைகளுக்கு மருத்துவ முகாம் நடத்தப் போகிறவர்களுக்கு யானை பார்க்க எதற்குப் பணம் என்பார் ஒரு பெரியவர். அவ்வளவு தூரம் போய் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தைப் பார்க்காமல் திரும்புவதா என்பார்கள் இளைஞர்கள். எங்கள் குழு கென்யாவுக்குப் புறப்படும் முன்பும் இதே பேச்சுதான். போய்வந்த பிறகு, கேட்கவேண்டியது வேறு கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

பணத்தைப் பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. 2024 ஜூலையிலிருந்து மாராவுக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரையென்றால் 100. அதிகம்தான். ஆனால் காப்பகத்தைச் சுற்றியுள்ள மசாய் குடும்பங்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்துச் சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். மாதாமாதம் வாடகை வருகிறது. கொரோனா காலத்தில் பயணிகள் நின்றபோது அந்த வாடகையும் ஆட்டம் கண்டது. அதற்கும் முன்பே அந்த மக்கள் இழந்தது கொஞ்சமல்ல. 1911 ஒப்பந்தத்தைக் காட்டி பிரிட்டிஷ் அரசு அவர்களை வடக்கு மேய்ச்சல் நிலங்களிலிருந்து கிளப்பித் தெற்கே அனுப்பியது. தெற்கிலும் மாரா 1961இல் காப்பகமானது. அங்கே போய்ச் செலவு செய்வது பாவம் என்று என்னால் சொல்ல முடியாது.

என்னை உறுத்தியது வேறு.

விடியற்காலையில் கூரையைத் தூக்கிவிட்ட வேனில் நின்றுகொண்டிருந்தோம். புதர் நிழலில் ஒரு பெண் சிங்கம், பக்கத்தில் குட்டிகள். மாராவில் ஒரு விதி உண்டு: ஒரு சிங்கத்தைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. ஆறாவதாக வந்த எங்கள் வண்டியை டிரைவர் தள்ளியே நிறுத்திவிட்டார். முறை வந்ததும் மெதுவாக நகர்த்தி என்ஜினை அணைத்தார். எங்களில் ஒருவர், "இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா?" என்று கேட்டார். "குட்டியோடு இருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது" என்றார் அவர். யாரும் மறுத்துப் பேசவில்லை. இருமல் வந்தவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு அந்த வாரம் பொமெட் மாவட்டத்தில் நடந்த முகாம் நினைவுக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம். இருட்டு பிரியும் முன்பே வரிசை நின்றுவிடும். பல் பிடுங்கும்போது கதறிய பையன், புடவைத் தலைப்பைப் போல ஒரு துணியால் புண்ணை மறைத்துக்கொண்டிருந்த கிழவி, தலைமேல் கைவைத்து ஜெபித்தபோது அழுத தாய் என எல்லோரும் எங்கள் கைபேசிகளில் ஏறினார்கள். அனுமதி கேட்டு எடுத்தவர்கள் அபூர்வம். பொழுது சாய்வதற்குள் படங்கள் சபையின் வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தன. எங்களுக்காகக் கிப்சிகிஸ் மொழியில் பேசி உதவிய நர்ஸ் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், அந்தப் பையன் படம் எங்கே போகும்? அவன் அம்மாவிடம் என்ன சொல்ல?"

சிங்கத்தருகே அத்தனை அடக்கமாக நின்றவர்கள்தான் இந்தப் படங்களையும் எடுத்தவர்கள். கெட்டவர்கள் அல்ல, விடுமுறையை விட்டு, கைக்காசைப் போட்டு வந்தவர்கள். இலவசமாக மருந்து கொடுக்கிறோம், அதனால் பார்க்கவும் படமெடுக்கவும் நமக்கு உரிமை உண்டு என்ற நினைப்பு, கொடுப்பவருக்குத் தெரியாமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாராவில் கட்டணம் செலுத்தி நுழைந்தோம்; அங்கே நாம் விருந்தாளி என்பது தெரிந்திருந்தது. முகாமில் அது மறந்துபோனது. வாங்கும் இடத்தில் நிற்பவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. சொன்னால் மாத்திரை கிடைக்காதோ என்ற பயம் இருக்கும். அவர் சும்மா இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது கொடுமை. தர்மத்தை மறைவில் செய்யச் சொன்னவரின் பெயரால் போகிறவர்கள் இதை யோசித்தே ஆகவேண்டும்.

ஆகவே சஃபாரியை வெட்டிவிடுங்கள் என்று நான் எந்தச் சபைக்கும் சொல்லமாட்டேன். முகாம் நடக்கும் நாட்களில் கைபேசிகளைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் நீங்கள் கட்டிய கட்டுகளையோ, மருந்துப் பெட்டிகளையோ எடுங்கள். முகம் வேண்டுமென்றால், மருந்தெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, அவர்கள் மொழியில் கேளுங்கள். இன்னொன்று: மாரா வேனில் ஓர் இடத்தை அந்த நர்ஸுக்கு ஒதுக்குங்கள். மாரா இருக்கும் நரோக், பொமெட்டுக்கு அடுத்த மாவட்டம்தான். அவர் மாராவை இன்னும் பார்த்ததில்லை. கென்யர்களுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் நாம் கட்டுவதைவிட மிகக் குறைவு.