பூட்டு என்பது சந்தேகமா?

பல்லடத்தில் குழந்தை வைத்தியம் பார்க்கும் நண்பர் ஒருவரைக் காணப் போயிருந்தேன். காய்ச்சலுக்காக வந்திருந்த பதினான்கு வயதுப் பையனை எடை பார்க்க வெளியே அனுப்பிவிட்டு, அவனுடைய தகப்பனாரிடம் அவர் கேட்டார்:

"தோட்டத்துப் பூச்சி மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"ஊட்டுலதானுங்க, அலமாரியில."

"பூட்டு உண்டா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எம் பையன் அப்படிப்பட்டவனில்லைங்க!"

அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் அப்போது பட்டது. பூட்டு திருடனுக்கல்லவா? பெற்ற பிள்ளைக்குமா? அமெரிக்காவில் குழந்தை வைத்தியர்கள், வீட்டுத் துப்பாக்கி பூட்டியிருக்கிறதா என்று பெற்றோரைக் கேட்பதுண்டு. நம் வீடுகளில் துப்பாக்கி இல்லை. பூச்சி மருந்து இருக்கிறது. தகப்பன் தோட்டத்தில், தாய் திருப்பூர் பனியன் கம்பெனியில். பள்ளியில் பட்ட அவமானத்தோடு பிள்ளை தனியே வீடு திரும்பும் ஒரு மாலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள்.

'சாகத் துணிந்தவனைப் பூட்டா தடுக்கும்?' என்று கேட்கலாம். நானும் கேட்டேன். நண்பர் இலங்கையைக் காட்டினார். 1995-லும் 1998-லும் அங்கே கொடிய பூச்சி மருந்துகளுக்குத் தடை வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் தற்கொலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அந்த நாட்டின் துயரமா பாதியாயிற்று? போர் ஓயவில்லை, வறுமையும் ஓயவில்லை. சாகவேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்பது. அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களிலும் இதைச் சோதித்தார்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா'வின் முயற்சி அது. ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில், உழவர்கள் மருந்தை வைத்துப் பூட்டப் பெட்டிகள் அமைத்தார்கள். அந்த ஊர்களில் விஷம் குடிப்பது குறைந்தது.

ஆகவே, பூட்டுகிறவன் பிள்ளையைச் சந்தேகிக்கவில்லை. அவனுடைய ஒரு கெட்ட நேரத்தைத்தான் சந்தேகிக்கிறான். கெட்ட நேரம் வராத மனிதன் யார்?

நண்பர் இவ்வளவும் சொல்லவில்லை. "நல்ல பிள்ளைக்கும் மனம் உடையும், ஐயா" என்றார். அவ்வளவுதான்.

தகப்பனார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்ல, "எத்தச்சோட்டுப் பூட்டு வாங்கோணுமுங்க?" என்றார.

"சின்னது போதும். சாவி உங்களிடம் இருக்கட்டும். ராத்திரி அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவன் பேசினால் கேளுங்கள்."

வீடு திரும்பியதும் என் மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.